சுத்துற வட்டமும் திண்டுக்கல் பூட்டும்

திண்டுக்கல் நாகல்நகரில் நான் பிரௌசிங் சென்டர் திறந்தபோது ஐந்து கணினிகள் இருந்தன. ஐந்திலும் விண்டோஸ்தான். பிஎஸ்என்ஏ கல்லூரிப் பிள்ளைகள் பிராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுக்க வருவார்கள்; பென்டிரைவில் ரிப்போர்ட்டோடு வைரஸும் வந்து இறங்கும். வாரத்துக்கு இரண்டு முறை ஃபார்மட் அடித்துக் கை ஓய்ந்துபோன ஒரு நாளில், உபுண்டு லினக்ஸ் குறுந்தகடு கேட்டு இணையத்தில் பதிந்துவைத்தேன். அந்தக் காலத்தில் கனானிக்கல் நிறுவனம் கேட்டவர் வீட்டுக்கே காசு வாங்காமல் குறுந்தகடு அனுப்பிக்கொண்டிருந்தது. 2011இல்தான் அந்த வழக்கம் நின்றது. சில வாரம் கழித்துத் தபால்காரர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து கணினியிலும் போட்டேன். வைரஸ் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

மறுநாள் காலையில் முதலில் வந்த பையன் கூப்பிட்டான்: "அண்ணே, யூடியூப்ல படம் வரல. கட்டம் மட்டும் கெடக்கு."

அது 2006இன் கடைசி. அன்றிலிருந்து இன்றுவரை லினக்ஸில் உலாவிக்குள் படம் ஓடாத கோளாறுகளைப் பார்த்துவருகிறேன். ஒவ்வொரு காலத்திலும் கோளாறு ஒவ்வொரு இடத்தில் உட்கார்ந்திருந்தது. திண்டுக்கல் பூட்டைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் எழுதுகிறவர்கள் உண்டு. எங்களைப் போன்ற கணினிக் கடைக்காரர்கள் என்ன பார்த்தோம் என்பதை எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் அப்பா நல்லாம்பட்டிப் பட்டறை ஒன்றில் பூட்டுக்கு லீவர் ராவியவர். ரிப்பேருக்கு வரும் பூட்டை அவர் பார்க்கும் முறை ஒன்று உண்டு. சாவி உள்ளே போகிறதா? போனால் திரும்புகிறதா? திரும்பினால் லீவர் எழும்புகிறதா? எழும்பினால் கொண்டி விடுகிறதா? ஒன்றைப் பார்த்து முடிக்காமல் அடுத்ததற்குப் போக மாட்டார். "எடுத்த எடுப்புல சுத்தியலத் தூக்காதடா" என்பார். கணினி பழுதுபார்க்க நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை. அந்த வரிசைதான் எனக்குக் கிடைத்த பாடம். ஃபார்மட் அடிப்பது சுத்தியல். அதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

முதல் கோளாறு ஃப்ளாஷ். யூடியூப் 2005இல் வந்தபோது அதன் படம் உலாவியில் தானாக ஓடாது. பின்னால் அடோபியின் கைக்கு வந்த ஃப்ளாஷ் பிளேயரை பிளக்இன்னாகச் சேர்க்க வேண்டும். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அடோபியைத் தவிர யாரும் பார்க்க முடியாது. எனவே லினக்ஸுக்கு அதை யாரும் எழுதித் தரவும் முடியாது, திருத்தவும் முடியாது. அடோபி கொடுத்தால் உண்டு. விண்டோஸுக்கு ஃப்ளாஷ் 8 வந்து, 2006 நடுவில் 9உம் வந்துவிட்டது. லினக்ஸுக்கு 8 வரவே இல்லை. நாங்கள் ஃப்ளாஷ் 7ஐ வைத்துக்கொண்டு காத்திருந்தோம். 2007 ஜனவரியில் 9 வந்தது. ஒரே ஒரு கோப்பு. அதை மோசில்லாவின் மறைந்திருக்கும் கோப்புறைக்குள் பிளக்இன்கள் இருக்கும் இடத்தில் கையால் கொண்டுபோய் வைத்து, ஃபயர்பாக்ஸை மூடித் திறந்தால் படம் ஓடும். அன்று ஐந்து கணினியிலும் படம் ஓடியதைப் பார்த்தபோது என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

படம் ஓடியது என்று சொல்கிறேனே தவிர, ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். கடையில் இருந்தது பிஎஸ்என்எல் பிராட்பேண்ட், 256 கேபிபிஎஸ். மூன்று நிமிடப் பாட்டு ஏழெட்டு எம்பி வரும். மொத்த இணைப்பும் ஒரே கணினிக்குக் கிடைத்தால்கூட இறங்க நான்கு நிமிடம் ஆகும். ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். வட்டம் சுற்றும், இரண்டு வரி பாடும், மறுபடி சுற்றும்.

அப்போது லினக்ஸில் ஒரு வசதி இருந்தது. யூடியூப்பில் படத்தை நிறுத்திவைத்தாலும் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளாஷ் அதைத் தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்தில், 'ஃப்ளாஷ்' என்று தொடங்கிச் சம்பந்தமில்லாத எழுத்துகளில் முடியும் ஒரு பெயரில் சேர்த்துவைக்கும். கீழே இருக்கும் கோடு முழுக்க நிறைந்ததும் அந்தக் கோப்பை எடுத்து வேறிடத்தில் வைத்து விஎல்சியில் திறந்தால், திக்காமல் திணறாமல் ஓடும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: "வந்த உடனே படத்த நிறுத்தி வச்சுட்டு, மெயில் பாரு, ரிசல்ட் பாரு. நெறஞ்சதும் எடுத்துக்க." வேடசந்தூர், நத்தம் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, ஐஐடி பேராசிரியர்கள் நடத்திய என்பிடெல் பாடங்களை இப்படிப் பென்டிரைவில் கொண்டுபோனார்கள். இடையில் கரண்ட் போனால் போயிற்று. கணினி மறுபடி எழும்போது அந்த இடம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பின்னால் வந்த ஃப்ளாஷ் பதிப்புகள் அந்தக் கோப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டன. 2013 வாக்கில் யூடியூப் படத்தைத் துண்டு துண்டாக அனுப்பத் தொடங்கியது. அதன்பின் நிறுத்திவைத்தால் கொஞ்சம் தூரம் இறங்கி நின்றுவிடும், முழுதும் இறங்காது. வேகமான இணைப்பு உள்ளவர்களுக்கு அந்த மாற்றம் தெரிந்தே இருக்காது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய இழப்பு.

ஒலி தனிக் கதை. 2008 ஏப்ரலில் வந்த உபுண்டு 8.04, பல்ஸ்ஆடியோ என்ற புதிய ஒலி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பல கணினிகளில் ஒரு நிரல் ஒலியைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்றுக்குக் கிடைக்காது. ஒரு பக்கத்தில் பாட்டு நின்றே போயிருந்தாலும் பக்கத்துப் பக்கத்தில் சத்தம் வராது. பல்ஸ்ஆடியோ அதைச் சரிசெய்ய வந்தது. ஆனால் ஃப்ளாஷுக்கு அதனிடம் பேசத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இணைப்பு நிரலைப் போட்டால் சத்தம் வந்தது, ஃபயர்பாக்ஸ் செத்துச் செத்து விழுந்தது. எடுத்தால் ஃபயர்பாக்ஸ் பிழைத்தது, சத்தம் போனது. பல மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடை ஓடியது.

2010இல் ஐபிஎல் ஆட்டங்களை யூடியூப்பில் நேரடியாகக் காட்டினார்கள். அதற்குள் இணைப்பை வேகமான திட்டத்துக்கு மாற்றியிருந்தேன். ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்கும் மும்பைக்கும் இறுதி ஆட்டம். தெருவில் கேபிள் அறுந்துகிடந்தது. கடையில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். முழுத்திரையாக்கினால் படம் தாவித் தாவி ஓடியது. நெட் வேகம் போதுமானதாக இருந்தது. கணினி மூச்சு வாங்கியது. காரணம், விண்டோஸில் ஃப்ளாஷ் படம் விரிக்கும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் தள்ளத் தொடங்கியிருந்தது. லினக்ஸில் முழுப் பாரமும் பிராசஸர் தலையில். சின்னச் சதுரமாக வைத்தால் தாங்கும். அந்தச் சதுரத்திலேயே சென்னை 22 ரன்னில் ஜெயித்ததைப் பார்த்தோம். நெட் மெதுவாக இருப்பது வேறு, கணினி திணறுவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இன்றைக்கும் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, நெட்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடோபி 2012 மார்ச்சில் ஃப்ளாஷ் 11.2ஐ வெளியிட்டது. லினக்ஸில் ஃபயர்பாக்ஸுக்கு இனிப் புதிய பதிப்பு கிடையாது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் ஐந்து ஆண்டுக்கு வரும், புதியது வேண்டுமென்றால் கூகுள் குரோமுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டது. அந்த 11.2இல்தான் கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தும் வேலையையும் சேர்த்திருந்தார்கள். காந்திகிராமத்துப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். அவரிடம் என்விடியா கார்டு போட்ட கணினி. நானே உபுண்டு போட்டுக் கொடுத்தது. "தம்பி, எம்.ஜி.ஆர். மொகம் நீலமாத் தெரியுது. கோளாறு என் கண்ணுலயா, கம்ப்யூட்டர்லயா?" என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எம்.ஜி.ஆர். மட்டுமல்ல, எல்லோரும் நீலம். சிவப்பும் நீலமும் இடம் மாறி வந்துகொண்டிருந்தன. உலகம் முழுக்க என்விடியா வைத்திருந்த லினக்ஸ்காரர்களுக்கு அப்போது இதே நிலைதான். படத்தின் மேல் வலது கிளிக் செய்து, அமைப்புக்குள் போய், ஹார்டுவேர் வேகப்படுத்தலுக்குரிய டிக்கை எடுத்துவிட்டால் நிறம் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெட்டி வரும், மவுஸ் கிளிக்கை வாங்காது! கீபோர்டில் டேப் கட்டையைத் தட்டித் தட்டி அந்த டிக்குக்குப் போய் ஸ்பேஸ் கட்டையை அழுத்த வேண்டும். ஆசிரியர் அதைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

இதற்கெல்லாம் முன்பே தமிழ்நாட்டில் லினக்ஸ் அரசாங்கத்துக்குள் நுழைந்திருந்தது. 2006, 2007 ஆண்டுகளில் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15இல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கே ஒன்பது லட்சத்துக்கு மேல். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும்.

சமவெளிக் கிராமங்களுக்கு அந்த மடிக்கணினி என்னவாக இருந்தது என்பது 2012இன் மின்வெட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. வீட்டில் இருட்டு. மடிக்கணினியின் பேட்டரி மட்டும் உயிரோடு இருக்கும். ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, சின்னாளபட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, இந்த பாஸத் தூக்கிட்டு வேற விண்டோஸ் போட்டுக் குடுங்க. இதுல படம் ஓடல." என்னிடம் வந்தவற்றில் பலவற்றில் ஃப்ளாஷ் இல்லை, இருந்தாலும் பழையது. அதைப் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் பாஸை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். மீதிப் பேர் திருட்டு விண்டோஸ் போடும் கடையைத் தேடிப் போனார்கள். நல்ல ஒரு லினக்ஸைக் கொடுத்த அரசு, படம் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தால் ஆயிரக்கணக்கான மடிக்கணினிகளில் அது தங்கியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வேலையைத் தன்னார்வலர்கள்தான் செய்தார்கள். 2012 ஜனவரியில் 'கணியம்' மின்னிதழ் தொடங்கியது. அதிலிருந்த லினக்ஸ் கட்டுரைகளைப் பிரின்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தேன். வரிசையில் காத்திருந்தவர்கள் நின்றபடியே படிப்பார்கள்.

"இலவசமாக் குடுக்குறதுல இதையும் சேர்த்தே குடுத்தா என்ன?" என்று கேட்டவர்கள் நிறைய. நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும்.

படம் என்பது சுருக்கி அனுப்பப்படுவது. சுருக்காமல் அனுப்பினால் எந்த இணைப்பும் தாங்காது. சுருக்கவும் விரிக்கவும் தெரிந்த நிரலுக்கு கோடெக் என்று பெயர். உலகில் அதிகம் புழங்கியது எச்.264. அதன்மேல் பல நிறுவனங்களுக்குக் காப்புரிமை இருந்தது. எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு அவர்கள் சார்பில் கட்டணம் வாங்கியது. காசு வாங்காமல் கொடுக்கப்படும் லினக்ஸ், பிரதிக்கு இவ்வளவு என்று யாருக்குக் கட்டணம் கட்டும்? எந்தப் பிரதியை எண்ணும்? அதனால்தான் உபுண்டு குறுந்தகட்டில் அந்தக் கோடெக்குகள் இல்லை. போட்டு முடித்த பிறகு நாமே தனியாக ஒரு பொதியை இறக்கிக்கொள்ள வேண்டும். புதிதாகப் போட்டவருக்கு அது தெரியாது. லினக்ஸில் படம் ஓடாது என்று முடிவுகட்டிவிடுவார்.

மோசில்லா 2009இல் ஃபயர்பாக்ஸ் 3.5இல், காப்புரிமைத் தொல்லை இல்லாத தியோராவைச் சேர்த்தது. பிளக்இன் இல்லாமலே படம் ஓடிய நாள் அது. ஆனால் தியோராவில் படம் கொடுத்த தளங்கள் மிகக் குறைவு. கூகுள், ஆன்2 நிறுவனத்தை வாங்கி அதன் விபி8 கோடெக்கை 2010 மே மாதம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. எச்.264ஐச் சேர்க்க மாட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் பிடிவாதமாக நின்ற மோசில்லா, 2012இல் இறங்கிவந்தது: நாங்கள் சேர்க்க மாட்டோம், கணினியில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்திக்கொள்வோம் என்றது. அந்தப் பிடிவாதத்தால் என் கடைக்கு வந்தவர்கள் பலர் குரோமுக்கு ஓடினார்கள். இருந்தாலும் அது நியாயமான பிடிவாதம் என்றுதான் இன்றும் சொல்வேன். அவர்கள் நிற்காமல் இருந்திருந்தால், கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கென்று ஒரு கோடெக் வேண்டும் என்ற பேச்சே அடிபட்டுப் போயிருக்கும்.

2015 ஜனவரி 27இல் யூடியூப் ஃப்ளாஷுக்குப் பதிலாக, பிளக்இன் தேவைப்படாத எச்டிஎம்எல்5ஐத் தன் இயல்பான முறையாக்கியது. அதோடு கடையில் ஃப்ளாஷ் பற்றிய புகார்கள் மெல்ல ஓய்ந்தன. 2020 டிசம்பர் 31இல் அடோபியே அதை மூடிவிட்டது. பதினான்கு ஆண்டு என்னைப் படுத்திய கோப்பு அது. கடைசியாக இருந்த பிரதியை ஒரு பழைய டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.

2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தது. ஒரே மாதத்தில் ஊரின் நெட் பிரச்சினை தலைகீழானது. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியில் எச்டி படம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது புது வகைப் புகார் வந்தது: "அண்ணே, நெட்டு பறக்குது. படம் மட்டும் திக்கித் திக்கி ஓடுது. அடிப்பக்கம் கொதிக்குது."

இங்கே அப்பாவின் வரிசை உதவியது. யூடியூப் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் கடைசியில் புள்ளிவிவரம் காட்டும் ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் இடது மூலையில் சிறிய எழுத்தில் எல்லாம் தெரியும்: எந்த கோடெக், எவ்வளவு வேகம், எத்தனை ஃபிரேம் தவறியது, இன்னும் எத்தனை நொடிப் படம் கையில் இருக்கிறது. கையில் இருக்கும் நொடிகள் வற்றிப் பூஜ்யத்துக்குப் போய் வட்டம் சுற்றினால் குற்றம் நெட்டில். நொடிகள் நிறைய இருந்தும் ஃபிரேம்கள் தவறிக்கொண்டே போனால் குற்றம் கணினியில். ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை. இதைச் செய்யாமல் ஓஎஸ்ஸை மாற்றுவது சுத்தியலைத் தூக்குவதுதான்.

அரசு மடிக்கணினிகளில் குற்றம் கணினியில்தான் இருந்தது. யூடியூப் விபி9 என்ற புதிய கோடெக்கில் படம் அனுப்பத் தொடங்கியிருந்தது. 2011, 2012 காலத்து இன்டெல் சிப்புகளுக்கு எச்.264ஐ விரிக்கச் சிப்புக்குள்ளேயே தனி ஏற்பாடு உண்டு, விபி9க்குக் கிடையாது. எனவே முழு வேலையும் பிராசஸர் தலையில் விழுந்தது. இதற்கு ஒரு குட்டி நீட்சி நிரல் இருக்கிறது, எச்264ஐஃபை என்று பெயர். உலாவியில் அதைச் சேர்த்தால் யூடியூப்பிடம் "எனக்கு விபி9 தெரியாது" என்று சொல்லி எச்.264 படத்தையே வாங்கித் தரும். அதோடு தரத்தை 480க்கு இறக்கினால் 2012ஆம் ஆண்டு மடிக்கணினி நிம்மதியாக ஓட்டும். இதைச் செய்து கொடுத்த இயந்திரங்களுக்குக் கணக்கே வைக்கவில்லை.

ஆனால் லினக்ஸ் ஃபயர்பாக்ஸ் அந்தச் சிப்பின் உதவியைத் தானாகக் கேட்கும் நிலை வர நீண்ட காலம் ஆனது. 2020 வாக்கில் உள் அமைப்புகளைத் தோண்டி நாமே திருப்பிவிடலாம் என்று ஆனது. இன்டெல் சிப்புகளுக்கு அது தானாகவே திறந்திருக்கும்படி வந்தது 2023 ஜூலையில், ஃபயர்பாக்ஸ் 115இல். பழைய ஃபயர்பாக்ஸை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று: 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 52 வந்தபோது பல்ஸ்ஆடியோ இல்லாத கணினிகளில் சத்தமே நின்றுபோனது. லேசான லினக்ஸ் என்று பார்த்துப் போட்டுக்கொண்டவர்கள்தான் அதில் மாட்டினார்கள். ஒன்பது ஆண்டுக்கு முன்பு எந்த பல்ஸ்ஆடியோவோடு மல்லுக்கட்டினேனோ, அதையே ஒவ்வொரு கணினியிலும் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.

2020 கொரோனா. பள்ளிகள் மூடின. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு ஜனவரி 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியிருந்தது. வேடசந்தூர்ப் பக்கத்து மில்லில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, மூத்த மகன் வாங்கிய மடிக்கணினியைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் ஒரே போன், அதை அவர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். மகள் கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூப்பில் பார்க்க வேண்டும். "சார், கடைக்காரரு இது செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாரு. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." திறந்து பார்த்தேன். ஃபேனில் ஒட்டடையும் பஞ்சும் அப்பியிருந்தது. துடைத்தேன். ராம் 2 ஜிபி. இன்னொரு 2 ஜிபி சேர்த்தேன். டெபியனை எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு போட்டு, கோடெக் பொதியை இறக்கி, பாட வீடியோவைத் திறந்து புள்ளிவிவரத்தைப் பார்த்தோம். தவறிய ஃபிரேம் சொற்பம். அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சத்தம் தெளிவா வருது" என்றார். மூன்று நாள் கழித்து அதே மில் பக்கத்திலிருந்து இன்னும் நான்கு மடிக்கணினிகள் வந்தன.

இப்போது நான் தீர்க்க முடியாத கோளாறு ஒன்றுக்கு வருகிறேன். கட்டணம் கட்டிப் பார்க்கும் படத் தளங்கள், படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. உலாவிக்குள் அந்தப் பூட்டைத் திறக்கும் துண்டு வைட்வைன், கூகுளுடையது. லினக்ஸ் ஃபயர்பாக்ஸுக்கு அது 2016 செப்டம்பரில், 49ஆம் பதிப்பில் வந்தது. அமைப்புகளில் பாதுகாக்கப்பட்ட படங்களை ஓட்டலாம் என்ற டிக் போட்டிருக்க வேண்டும். வெறும் குரோமியம் உலாவியில் அந்தத் துண்டே இருக்காது. இதுவரை சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் முடியாது. வைட்வைனில் நிலைகள் உண்டு. லினக்ஸ் மேசைக்கணினிக்குக் கிடைப்பது கீழ்நிலை. உயர்தரப் படத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும் பல தளங்கள் லினக்ஸுக்கு மங்கலான படத்தைத்தான் தருகின்றன. கணினியிலும் நெட்டிலும் குற்றம் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை. வந்தவரிடம் அதை அப்படியே சொல்லி, காசு வாங்காமல் அனுப்பிவிடுகிறேன்.

இந்தப் பூட்டை உலாவியோடு இணைக்கும் முறையை 2017 செப்டம்பரில், வலைக்கு விதி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பொது விதியாகவே ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்து இஎஃப்எஃப் என்ற உரிமை அமைப்பு அங்கிருந்து விலகியது. நான் பூட்டு ஊர்க்காரன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெருமையே, வாங்கியவர் சாவியைத் தவிர வேறு சாவிக்கு அது திறக்காது என்பதுதான். காசு கொடுத்தவர் கையில் சாவி இருக்கும். என் வீட்டுக் கணினிக்குள் இருக்கும் இந்தப் பூட்டின் சாவியோ வேறொருவர் கையில். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அது நம்ம வீட்டுப் பூட்டு இல்லப்பா" என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனாலும் இந்த ஊரில் முடங்கிக் கிடக்கும் கணினிகளில் பெரும்பாலானவை அந்தப் பூட்டால் முடங்கவில்லை. தூசியாலும், போடாத கோடெக்காலும், பழைய உலாவியாலும், பொருந்தாத விபி9ஆலும் முடங்கியவை. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்துவிட்டதால் இன்னும் பல சேர்ந்திருக்கின்றன. பரணில் அரசு மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட வேண்டாம். ஒரு படத்தைத் திறந்து, வலது கிளிக் செய்து, தவறும் ஃபிரேமை எண்ணிப் பாருங்கள். புரியாவிட்டால் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை கடை திறந்திருக்கும்.